பழைய மாருதி சியாஸ் காரு எடுக்கலாமா? கொளச்சல் பக்கம் ஓட்டுறவங்க சொல்லுங்க

அண்ணன்மாரே, 2017 சியாஸ் பெட்ரோல் பாத்து வச்சிருக்கேன், கேரளா ரிஜிஸ்ட்ரேஷன், 62 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கு. நம்ம ரோட்டுக்கு அடி இடிக்குமா?

பதில்: நாலு வருஷமா வச்சிருக்கேன் தம்பி. கிரவுண்ட் கிளியரன்ஸ், அதான் தரைக்கும் வண்டி அடிக்கும் உள்ள இடைவெளி, 170 எம்எம், அஞ்சு பேரு ஏறினா ஸ்பீடு பிரேக்கர்ல கொஞ்சம் சரிச்சு எடுக்கணும், அவ்வளவுதான். டிக்கி 510 லிட்டரு, மச்சான் கல்யாணத்துக்கு ரெண்டு வாழக்குலைய படுக்கப்போட்டு கொண்டுவந்தேன், மட்டிப்பழ வாசம் ஒரு வாரம் போகல.

பதில்: கேரளா வண்டின்னா என்ஓசி (அங்கத்த ஆர்டிஓ குடுக்குற தடையில்லா சான்று), நம்மூரு ரோடு டாக்ஸ் ரெண்டையும் சேத்து வெல பேசுங்க. நான் அத மறந்துட்டு பெறவு முழிச்சேன்.

பதில்: கடக்கரைல உப்புக்காத்துதான் எமன். காருக்குள்ள கால் வைக்குற மேட்ட தூக்கி சீட்டு போல்ட்ட பாருங்க, எனக்கு தொட்டதும் துரு பொடியா உதிந்துது.

கேட்டவரு: நாளைக்கே மேட்ட தூக்கிருதேன் அண்ணே.