வேபர்ன் எண்ணெய் வயல் பக்கம் வீடு வாங்கலாமா? கீழே இறக்கிய கரியமில வாயு மேலே வருமா?

மலர்_ரெஜைனா:
எல்லோருக்கும் வணக்கம். என் கணவருக்குக் கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் வேபர்ன் ஊருக்கு வேலை மாற்றலாகியிருக்கிறது. ஊருக்குத் தெற்கே, குட்வாட்டர் போகும் பக்கம் ஒரு வீடு பார்த்தோம். நிலத்தோடு சேர்ந்த வீடு, குடிக்கக் கிணற்றுத் தண்ணீர். வேலிக்கு அந்தப் பக்கம் எண்ணெய் இறைக்கும் பம்ப் ஜாக்குகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்த வயலில் பல வருடங்களாகக் கரியமில வாயுவைப் பூமிக்குள் இறக்குகிறார்களாம். எனக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். நாங்கள் தூங்கும்போது அது மேலே வந்துவிடுமா? தண்ணீரைக் கெடுக்குமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எஸ்டெவான்_பெரியவர்:
மலர், பிள்ளைகளை வைத்துக்கொண்டு இப்படிக் கேட்பதுதான் சரிம்மா. இந்தத் தென்கிழக்கு மூலையில் எண்ணெய்க் கிணறுகளுக்கு சிமென்ட் போடும் வேலையில் காலம் தள்ளியவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

வேபர்ன் வயலை 1954-இல் கண்டுபிடித்தார்கள். எண்ணெய் இருப்பது சுமார் 1,450 மீட்டர் ஆழத்தில், சுண்ணாம்புப் பாறையின் பொடித் துளைகளில். கீழே குகையோ ஏரியோ கிடையாது. 1960-களில் தண்ணீரை இறக்கி எண்ணெயைத் தள்ளினார்கள். அப்புறம் 2000 அக்டோபரில் கரியமில வாயு. எல்லைக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவின் வட டகோட்டாவில், பழுப்பு நிலக்கரியிலிருந்து எரிவாயு எடுக்கும் ஆலை ஒன்று இருக்கிறது. அங்கிருந்து சுமார் 320 கிலோமீட்டர் குழாயில் வருகிறது. 2014-இலிருந்து எங்கள் ஊர்ப் பக்கத்து பவுண்டரி டாம் அனல்மின் நிலையமும் அனுப்புகிறது.

அந்த ஆழத்துச் சூட்டிலும் அழுத்தத்திலும் அது திரவம் போல அடர்த்தியாகிவிடும். எண்ணெயோடு கலந்து, அதை உப்ப வைத்து, இளக்கிக் கிணற்றுப் பக்கம் ஓட வைக்கும். எண்ணெயோடு மேலே வருகிற வாயுவைப் பிரித்து, கம்ப்ரஸரில் அழுத்தி மறுபடி இறக்குகிறார்கள். மற்றது துளைகளில் சிக்கியும், உப்பு நீரில் கரைந்தும் அங்கேயே தங்குகிறது. அதற்கு மேலே அன்ஹைட்ரைட் என்கிற கெட்டிப் பாறை மூடி. எண்ணெயை இத்தனை கோடி வருடம் தாங்கிப் பிடித்ததும் அந்த மூடிதான். அதனால் பாறையைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

என் கவலை எல்லாம் நாம் போட்ட ஓட்டைகள் மேல்தான். 1950-களிலிருந்து தோண்டிய ஒவ்வொரு கிணறும் அந்த மூடியைத் துளைத்துக்கொண்டுதான் போகிறது. இரும்புக் குழாய்க்கும் பாறைக்கும் நடுவே சில விரல் அகல இடைவெளி. அதை அடைப்பது சிமென்ட். தோண்டும்போது விட்ட சேற்றுக் குழம்பைச் சரியாகக் கழுவாமல் சிமென்ட் இறக்கினால், ஒரு மெல்லிய சேற்றுப் படலம் அப்படியே நின்றுவிடும். குழாய் நடுவில் நிற்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்தால், அந்தப் பக்கம் சிமென்ட் ஏறவே ஏறாது. கலவையில் கொஞ்சம் கோப்பையில் எடுத்து வைத்து, மறுநாள் விடிந்ததும் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்போம். நகம் இறங்கினால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

வாயு தண்ணீரோடு சேர்ந்தால் அமிலம், சிமென்டை அரிக்குமே என்று கேட்பீர்கள். டெக்சாஸில் சாக்ராக் என்ற வயலில் 1972-இலிருந்து இந்த வேலை நடக்கிறது. அங்கே 30 வருடம் இந்த வாயுவில் ஊறிய ஒரு பழைய கிணற்றின் சிமென்டை வெட்டி எடுத்து ஆராய்ந்தார்கள். பாறையை ஒட்டிய பக்கம் சில மில்லிமீட்டர், மிஞ்சினால் ஒரு சென்டிமீட்டர் ஆரஞ்சு நிறமாக மாறியிருந்தது. அதற்குப் பின்னால் சாம்பல் நிறச் சிமென்ட் அப்படியே நின்றது. ஒழுங்காகப் போட்ட சிமென்ட் தாங்கும். ஏனோதானோ என்று போட்டதுதான் வழி விடும்.

கடற்கரை_செந்தில்:
ஐயா சொன்ன பாதுகாப்பு விஷயம் சரி. ஆனால் இதைக் கரியமில வாயுச் "சேமிப்பு" என்று பலரும் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு பீப்பாய் எண்ணெய் எரிந்தால் சுமார் 430 கிலோ கரியமில வாயு வரும். அந்த ஒரு பீப்பாயை எடுக்கப் பொதுவாக 300 முதல் 600 கிலோ வரை இறக்குகிறார்கள். போட்டதும் எடுத்ததும் சரியாகப் போய்விடுகிறதே? நார்வேக்காரர்கள் கடலுக்குள் இருக்கும் ஸ்லைப்னர் எரிவாயு வயலில் 1996-இலிருந்து எண்ணெய்க்காக இல்லாமல், வெறும் உப்புநீர்ப் பாறையில் இறக்குகிறார்கள். அதுதான் சேமிப்பு.

எஸ்டெவான்_பெரியவர்:
தம்பி செந்தில், உங்கள் கணக்கை நான் மறுக்கவில்லை. வாயு எங்கிருந்து வருகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அமெரிக்காவில் பல வயல்களுக்குப் பூமிக்குள்ளேயே இயற்கையாகக் கிடந்த கரியமில வாயுவைத் தோண்டி எடுத்துக் குழாயில் அனுப்புகிறார்கள். அதனால் காற்றுக்கு ஒரு நன்மையும் இல்லை, அதைச் சேமிப்பு என்று சொல்வதை நானும் ஏற்க மாட்டேன். இங்கே வருவதோ புகைபோக்கியில் போக வேண்டியது. வேபர்னும் பக்கத்து மிடேல் வயலும் சேர்ந்து 2012-க்குள் 2 கோடி டன்னுக்கு மேல் உள்ளே வைத்துவிட்டன. அவ்வளவும் வெளியே போயிருக்கும் என்று நினைத்தால் எனக்கு மனசு கேட்காது. எண்ணெய் எடுக்காமல் இறக்குவது இதைவிட நல்லது, அதில் மாற்றுக் கருத்தே இல்லை.

மலர்_ரெஜைனா:
ஐயா, ரொம்ப நன்றி. 2011-இல் அங்கே ஒரு பண்ணையில் வாயு கசிந்ததாகச் செய்தி வந்ததே, அது உண்மையா?

எஸ்டெவான்_பெரியவர்:
புகார் வந்தது உண்மை. பண்ணைக் குட்டையில் நுரை வருகிறது, பிராணிகள் செத்துக் கிடக்கின்றன என்றார்கள். அவர்கள் கேட்டது நியாயமான கேள்விம்மா, நான் அந்த நிலத்தில் இருந்திருந்தாலும் கேட்டிருப்பேன். தனியாக ஒரு குழு போய் மண்ணிலிருந்த வாயுவை எடுத்துப் பார்த்தது. குழாயில் வருவது கோடிக்கணக்கான வருடத்து நிலக்கரியின் வாயு. அதில் கார்பன்-14 இருக்காது; அது நாளாக நாளாகத் தானே அழிந்துபோகிற ஒரு வகைக் கார்பன். மண்ணில் மக்குகிற செடிகொடிகளிலிருந்து வருவதில் இருக்கும். அந்தப் பண்ணையின் வாயுவில் கார்பன்-14 இருந்தது. ஆக, அது மண்ணின் வாயுதான், வயலிலிருந்து வந்ததில்லை என்று முடிவு சொன்னார்கள்.

அதைவிட நீங்கள் விசாரிக்க வேண்டியது தரைக்கு அருகே போகிற குழாய்களை. 2020 பிப்ரவரியில் மிசிசிப்பியில் சட்டார்ஷியா என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், மழையில் மண் சரிந்து கரியமில வாயுக் குழாய் உடைந்தது. 45 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், சுமார் 200 பேரை ஊரைவிட்டு வெளியேற்றினார்கள். காற்றில் ஆக்சிஜன் குறைந்து கார் எஞ்சின்களே நின்றுபோயின. இந்த வாயு காற்றைவிடக் கனம், பள்ளத்தில் போய்த் தேங்கும்.

அதனால் கையெழுத்துப் போடும் முன் மூன்று காரியம் செய்யுங்கள். அந்த நிலத்திலும் சுற்றிலும் கைவிட்ட பழைய கிணறுகள் உண்டா, எப்போது மூடினார்கள் என்று மாகாண அரசின் கிணற்றுப் பதிவில் பாருங்கள். குழாய் எந்த வழியாகப் போகிறது, வீடு அதற்குக் கீழ்ச் சரிவில் இருக்கிறதா என்று நேரில் நடந்து பாருங்கள். குடிநீர்க் கிணற்றுத் தண்ணீரை இப்போதே ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்து, அந்த அறிக்கையை பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஏதாவது மாறினால் ஒப்பிட அது ஒன்றுதான் உங்கள் கையில் இருக்கும். பழைய கிணற்றின் பதிவு கிடைத்தால் இங்கே போடுங்கள். சிமென்ட் எந்த ஆழம் வரை ஏறியிருக்கிறது என்று நான் படித்துச் சொல்கிறேன்.