சோதனை முடிந்த கழிவை எங்கே ஊற்றுவது? (திருகோணமலை)

களப்புக்காரி:
வணக்கம். கொட்டியாரக் குடாவின் நீர்த்தரம் பற்றி ஒரு சின்ன ஆய்வில் வேலை செய்கிறேன். மகாவலி கடலில் விழும் பக்கத்தில் எட்டு இடங்களில் மாதிரி எடுத்து ஒட்சிசன், நைத்திரேற்று, சி.ஓ.டி. (நீரில் உள்ள சேதனப் பொருளை இரசாயனத்தால் ஒட்சியேற்ற எவ்வளவு ஒட்சிசன் வேண்டும் என்ற அளவு) எல்லாம் பார்க்கிறோம். போன கிழமை சி.ஓ.டி. முடித்துக் குடுவைகளைக் கழுவும்போது கை அப்படியே நின்றுவிட்டது. செம்பழுப்பாக மாறியிருந்த அந்தத் திரவத்துக்குள் பாதரசம், வெள்ளி, குரோமியம் மூன்றும் இருக்கின்றன, அது தொட்டியில் இருந்து வடிகானுக்கும் வடிகானில் இருந்து கடலுக்கும்தான் போகிறது. எனக்கு முன் இருந்தவர்களும் அப்படித்தான் ஊற்றினார்களாம். குடா கெட்டுப்போகிறதா என்று பார்க்க வந்த நாங்களே அதற்குள் பாதரசம் ஊற்றுவதை என்னால் தாங்க முடியவில்லை. தண்ணீரைக் காய்ச்சி வடிக்கும் வடிநீர்க் கருவியைக் குளிர்த்தும் பைப் வேறு காலையில் இருந்து பின்னேரம் வரை திறந்தே கிடக்கிறது. காசு அதிகம் இல்லை. முதலில் எதை மாற்றலாம்?

பழைய இரசாயனவியல்:
தங்கச்சி, இன்றைக்கே ஊற்றுவதை நிறுத்துங்கள், மற்றதெல்லாம் பிறகு. மினமாட்டாவும் ஒரு குடாதான். ஆலைக் கழிவில் போன பாதரசம் மீனில் ஏறி, மீன் சாப்பிட்ட குடும்பங்களின் நரம்பைத் தாக்கியது, 1956 இல்தான் அந்த நோய் வெளியே தெரிந்தது. உங்கள் கழிவு அந்த அளவுக்குக் கிட்டவும் வராது, ஆனால் பாதரசம் சிதைந்து போகிற பொருள் இல்லை, போட்டது அங்கேயே கிடக்கும்.

அடுத்தது, அந்தச் சோதனை உங்களுக்குத் தேவையா? சி.ஓ.டி.யில் ஒட்சியேற்றப் போடும் இருகுரோமேற்று சேதனப் பொருளை மட்டும் ஒட்சியேற்றுவதில்லை, உப்பில் இருக்கும் குளோரைட்டையும் ஒட்சியேற்றும். அதைக் கட்டிப்போடத்தான் பாதரச சல்பேற்று சேர்க்கிறோம். லீற்றருக்கு 2,000 மில்லிகிராம் குளோரைட்டுக்கு மேல் போனால் இந்த முறை சரிவராது, கடல்நீரில் கிட்டத்தட்ட 19,000 இருக்கிறது! எவ்வளவு பாதரசம் போட்டாலும் நீங்கள் அளப்பதில் பெரும்பகுதி உப்புத்தான். பத்து மடங்கு நீர் விட்டு ஐதாக்கினால் உப்போடு சேர்ந்து சேதனப் பொருளும் ஐதாகிவிடும், அளக்க ஒன்றும் மிஞ்சாது. ஆகவே உவர் இடங்களில் சி.ஓ.டி.யை விட்டுவிட்டு, நுண்ணுயிர்கள் எவ்வளவு ஒட்சிசனை எடுக்கின்றன என்று ஐந்து நாள் 20 பாகையில் வைத்துப் பார்க்கும் பி.ஓ.டி.க்குப் போங்கள். ஆற்றுப் பக்கத்து நன்னீருக்கு மட்டும், 2.5 மில்லிலீற்றர் மாதிரி போதுமான மூடிய சிறு குழாய்களில் செய்யுங்கள். கழிவு பல மடங்கு குறையும்.

நைத்திரேற்று அளக்கக் கட்மியக் குழல் வைத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள், கட்மியமும் நச்சு உலோகம்தான். வனேடியம் குளோரைட்டு வைத்துச் செய்யும் முறை இருக்கிறது, கட்மியத்தைத் தொடவே வேண்டாம்.

நிலாவெளி_காற்று:
ஒரு சந்தேகம். ஆய்வின் நடுவில் முறையை மாற்றினால் பழைய தரவோடு எப்படி ஒப்பிடுவது? மேற்பார்வையாளர் இதைத்தான் முதலில் கேட்பார்.

பழைய இரசாயனவியல்:
நல்ல கேள்வி. நன்னீர் இடங்களில் ஒரு மாதம் இரண்டு முறையையும் பக்கத்தில் பக்கத்தில் செய்து வித்தியாசத்தைக் காட்டுங்கள். உவர் இடங்களின் பழைய எண்கள் சரியானவை அல்ல, பிழையான எண்ணோடு ஒப்பிடத்தான் வேண்டும் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

ஆய்வுகூட உதவியாளன்:
இருபது வருடமாக இந்தத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நிற்கிறவன், அதனால் சொல்கிறேன். சி.ஓ.டி. கழிவுக்குத் தனியான, அமிலம் தாங்கும் மூடியுள்ள கான் (கலன்) வையுங்கள், ‘பாதரசம், அமிலம்’ என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள், திகதியும் போடுங்கள். ஒட்சிசன் சோதனைக்கு வைத்திருக்கும் ஏசைட்டு மருந்தின் மிச்சத்தை அதற்குள் விட்டுவிடாதீர்கள். அமிலத்தோடு சேர்ந்தால் நச்சு வாயு வரும். கான் நிறைந்ததும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் உள்ளவர்களிடம்தான் கொடுக்க வேண்டும்.

வடிநீர்க் கருவியைக் குளிர்த்த ஒரு பெரிய பரல், மீன் தொட்டிக்குப் போடும் மோட்டர் ஒன்று, இரண்டு முழம் பைப், அவ்வளவுதான். அதே தண்ணீரே சுற்றிச் சுற்றி வரும். நம்ம ஊர் வெயிலில் மத்தியானத்துக்குள் பரல் சூடாகிவிடும், அப்போது உறையவைத்த தண்ணீர்ப் போத்தல் இரண்டைப் போட்டுவிடுவேன். கழுவும்போது முதல் இரண்டு அலசலுக்குப் பைப் தண்ணீர் போதும், கடைசி அலசலுக்கு மட்டும் வடிநீர்.

நிலாவெளி_காற்று:
சரி, இன்னொன்றும் சேர்க்கிறேன். மாதிரி வைக்கும் மைனஸ் 80 பாகை உறைபெட்டி இருந்தால் மைனஸ் 70 க்கு மாற்றலாமா என்று மாதிரிகளைப் பார்த்து முடிவெடுங்கள், கரண்ட் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகும். பெட்டி வெளியே தள்ளும் சூட்டைக் குறைக்க ஏசியும் ஓடுகிறது, அதையும் கணக்கில் எடுங்கள்.

களப்புக்காரி:
எல்லோருக்கும் நன்றி. உவர் இடங்கள் ஆறிலும் சி.ஓ.டி.யை நிறுத்த மேற்பார்வையாளர் சம்மதித்துவிட்டார், குளோரைட்டுக் கணக்கைக் காட்டியதும் அவரே பழைய பதிவுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தார். கானுக்கு லேபல் ஒட்டியாகிவிட்டது. அப்புறம், மாதிரி எடுக்க நாங்கள் தனியாக மோட்டர் வள்ளம் பிடிப்போம், இனி வலை பார்க்கப் போகும் கிண்ணியா அண்ணன் ஒருவர் தன் வள்ளத்திலேயே ஏற்றிக்கொள்கிறாராம். நாளைக்குக் காலை ஐந்து மணிக்குத் துறையில் நிற்கச் சொல்லியிருக்கிறார், போத்தல்களை இப்போதே பெட்டியில் அடுக்கிவிட்டேன்.