38 பக்கம் எழுதினேன், மேடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். கொள்கை வேலையில் இருப்பவர்கள் எப்படி யோசிக்கிறீர்கள்?

புதுக்கோப்பு:
பொதுக்கொள்கையில் முதுகலை முடித்துவிட்டு மூன்று மாதமாக ஓர் அரசுத் துறையின் ஆய்வுப் பிரிவில் இருக்கிறேன். முதல் வேலையாகக் கொடுத்தது இது: கிராமப்புறத் துணை சுகாதார நிலையங்களில் செவிலியர்கள் பல நாள் இருப்பதில்லை, என்ன செய்யலாம் என்று எழுதிக் கொடு. படித்ததையெல்லாம் கொட்டி 38 பக்கம் எழுதினேன். கைரேகை வருகைப்பதிவு, வராத நாளுக்குச் சம்பளப் பிடித்தம், மாதாமாதம் மேலிடத்துக்கு அறிக்கை. சுருக்கம் அவ்வளவுதான்.

மேடம் முன்னுரையைத் தொடவே இல்லை. பென்சிலோடு நேராகப் பிடித்தம் பற்றிய பக்கத்துக்குப் போனார். "தம்பி, 'ஆன் டியூட்டி' எழுதிக் கொடுப்பது யார்?" என்றார். (வேறு அலுவல் வேலையாக வெளியே போனதாகக் கணக்கு, அந்த நாளுக்குப் பிடித்தம் கிடையாது.) வட்டார மருத்துவ அலுவலர் என்றேன். "செவிலியர் ஒழுங்காக வந்தால் அவருக்கு என்ன லாபம்? வராவிட்டால் என்ன நஷ்டம்?" முழித்தேன். "யோசித்துவிட்டு வா" என்று கோப்பை மூடிவிட்டார்.

பிரச்சினையை வரையறு, மாற்று வழிகளை எடைபோடு, பரிந்துரை செய் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பல வருஷம் இதில் இருப்பவர்கள் உண்மையில் எங்கிருந்து ஆரம்பிக்கிறீர்கள்?

சும்மா ஒருத்தன்:
மேலே இருப்பவர் நினைத்தால் ஒரே நாளில் நடக்கும். நினைக்கவில்லை, நடக்கவில்லை. இதற்கு எதற்கு 38 பக்கம்?

அனுப்புகை மேசை:
உங்கள் மேடத்துக்கு ஒரு கும்பிடு. அவர் கேட்டது உதய்ப்பூர் கேள்வி.

ராஜஸ்தானின் உதய்ப்பூர் பகுதியில் சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனம் நடத்திய ஓராசிரியர் பள்ளிகளில் கேமரா கொடுத்துப் பார்த்தார்கள். காலையில் ஒரு படம், பள்ளி முடியும்போது ஒரு படம், எடுப்பது ஒரு மாணவர். தேதியும் நேரமும் படத்திலேயே பதிந்துவிடும், திருத்த முடியாது. வந்த நாளைப் பொறுத்துச் சம்பளம். கேமரா இல்லாத பள்ளிகளில் ஆசிரியர் வராத நாள் 42 சதவீதம், கேமரா வைத்த பள்ளிகளில் 21. உங்கள் அறிக்கையில் இது கட்டாயம் இருக்கும், பந்தயம்.

அடுத்து அதே பகுதியில் அதே நிறுவனம் அரசு செவிலியர் பக்கம் போனது. இந்த முறை நேரமுத்திரை இயந்திரம். கண்காணிப்பு நாளில் செவிலியர் மூன்று தடவை முத்திரை குத்த வேண்டும். வருகையை நிறுவனம் கண்காணிக்கும், பிடித்தம் செய்ய வேண்டியது அரசு நிர்வாகம். முதல் சில மாதங்களில் வருகை ஏறக்குறைய இரட்டிப்பானது. 16 மாதம் கழித்துப் பார்த்தால், இயந்திரம் இருந்த நிலையத்துக்கும் இல்லாத நிலையத்துக்கும் வித்தியாசமே இல்லை! நடுவில் பெருத்தது 'விலக்கு நாள்' கணக்கு. கூட்டம், பயிற்சி, கணக்கெடுப்பு என்று மேலிருப்பவர் எழுதிவிட்டால், வராத நாள் வராத நாளாகவே கணக்கில் ஏறாது. இதை ஆராய்ந்த பொருளாதார நிபுணர்கள் பானர்ஜி, டுஃப்லோ, கிளென்னர்ஸ்டர் மூவரும் 2008இல் இதைக் கட்டுரையாகவே எழுதினார்கள். அதனால் நிபுணர்களுக்குக் களம் தெரியாது என்ற பேச்சு வேண்டாம், இந்த ஓட்டையைக் கண்டுபிடித்துச் சொன்னதே அவர்கள்தான். கேமரா ஆய்வை மட்டும் படித்துவிட்டுக் கருவி வாங்கக் கிளம்புகிறவர்களிடம்தான் எனக்குச் சண்டை.

எங்கிருந்து ஆரம்பிப்பேன் என்று கேட்டீர்கள். நான் 27 வருஷம் அலுவலகங்களில் குப்பை கொட்டியவள். எனக்குத் தெரிந்த ஒரே வழி, ஒரு கோப்பைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே நடப்பது.

ஓர் அலுவலகத்தில் முதியோர் உதவித்தொகை ஆணைகள் தாமதமாகின்றன என்று புகார். ஆள் பற்றாக்குறை என்றார்கள் ஊழியர்கள். புது மென்பொருள் வேண்டும் என்றது வெளியிலிருந்து வந்த ஆலோசனைக் குழு. நான் ஒரு விண்ணப்பத்தின் மூலையில் சிவப்புப் பென்சிலால் புள்ளி வைத்துவிட்டு, தினமும் அது எந்த மேசையில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வந்தேன். ஐந்து மேசையை நன்றாகவே தாண்டியது. ஆறாவது அனுப்புகைப் பிரிவு. ஆணை கையெழுத்தாகி, தபாலில் போக வேண்டியதுதான் பாக்கி. அங்கே 11 நாள் படுத்துவிட்டது.

அந்த எழுத்தர் கை சுத்தமானவர், மேசையும் அப்படித்தான். ஏன் இன்னும் போகவில்லை என்று கேட்டேன். பதிவேட்டைத் திருப்பிக் காட்டி, "பக்கம் நிறைய வேண்டாமாம்மா?" என்றார். பக்கத்துக்கு 25 வரி. நிறைந்தால்தான் அதிகாரி கையெழுத்துப் போடுவார். பாதிப் பக்கத்தில் போட்டால் அப்புறம் யாராவது கீழே ஒரு பெயரைச் சொருகிவிடுவார்கள் என்று பயம். அவருக்கு முன்னால் இருந்தவருக்கு அப்படி நடந்து விசாரணை வரை போயிருக்கிறது. பயம் நியாயமானதுதான். ஆனால் விண்ணப்பம் குறைவாக வரும் மாதத்தில், 25 சேரும்வரை ஒரு கிழவி காத்திருக்க வேண்டும்.

கடைசிப் பதிவுக்குக் கீழே குறுக்குக் கோடு போட்டு அன்றன்றே கையெழுத்திடலாம் என்று நாலு வரிச் சுற்றறிக்கை போட்டோம். (அந்த நாலு வரிக்கு ஒப்புதல் வாங்க ஐந்து வாரம் ஆனது, அது தனிக்கதை.) மென்பொருள் முதலில் வந்திருந்தால், 25 சேரும்வரை நிறுத்தி வைக்கும் வசதியையும் சேர்த்தே கட்டியிருப்பார்கள்.

நடுப்பக்கம்:
அக்கா, 25 வரிக் கதை அருமை. ஆனால் எல்லாப் பிரச்சினையும் அனுப்புகை மேசையில் இருக்காது. மேலே இருப்பவர் மாறினால் திட்டமே காணாமல் போகும் ஊர்களும் உண்டு. அதை முன்கூட்டி யோசிப்பதும் இந்த வேலைதான்.

மெக்சிகோவின் புரோகிரெசா நலத்திட்டத்தைப் பாருங்கள். 1997இல் தொடங்கியது. ஏழைக் குடும்பத்துத் தாயின் கையில் பணம் கொடுப்பார்கள், பிள்ளைகள் பள்ளிக்கும் சுகாதார நிலையத்துக்கும் போக வேண்டும் என்பது நிபந்தனை. ஒரே நேரத்தில் எல்லா ஊருக்கும் விரிக்க முடியாது. அதையே வசதியாக்கி, 506 கிராமங்களைக் குலுக்கலில் பிரித்து 320க்கு முதலில் கொடுத்தார்கள், 186க்குப் பிறகு. இரண்டையும் ஒப்பிட்டு வந்த கணக்கை வெளியாட்களே பார்க்கும்படி வைத்தார்கள். திட்டத்தை வடிவமைத்தவர்களில் முக்கியமானவரான சந்தியாகோ லெவி நிதி அமைச்சகத்து ஆள். அங்கே அதிபர் மாறினால் முந்தையவரின் நலத்திட்டமும் மூட்டை கட்டும். 2000இல் 71 வருஷம் ஆண்ட கட்சியே போனது. திட்டம் போகவில்லை, பெயர்தான் மாறியது. கிராமத்துக் கணக்கு கேடயமாக நின்றது என்பது என் கருத்து.

அனுப்புகை மேசை:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2018 கடைசியில் வந்த அரசு 2019இல் அதை நிறுத்தியும் விட்டது, கணக்கு அதே கணக்குதான். சரி, 20 வருஷம் தாக்குப்பிடித்ததே பெரிது.

புதுக்கோப்பு தம்பி, மேடத்திடம் திரும்பப் போவதற்கு முன் ஒரு நிலையத்துக்குப் போய் வருகைப் பதிவேட்டைப் புரட்டுங்கள். 'ஆன் டியூட்டி' ஒவ்வொன்றுக்கும் எதிரே என்ன காரணம், யார் கையெழுத்து என்று மட்டும் எழுதிக்கொண்டு வாருங்கள்.

புதுக்கோப்பு:
போய் வந்தேன். மூன்று மணி நேரம், ஒரே நிலையம், ஒரே மாதம். செவிலியர் நிலையத்தில் இல்லாத நாள் 12. சொந்த விடுப்பு 1. மீதி 11ம் 'ஆன் டியூட்டி', எல்லாவற்றிலும் வட்டார அலுவலரின் கையெழுத்து.

பொய்யாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு காரணங்களைச் சரிபார்த்தேன். இரண்டுக்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. மூன்று நாள், மாத அறிக்கைகளைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்தது. தபாலில் வந்தால் வாங்க மாட்டார்களாம். ஆறு நாள், எங்கள் துறையே கூப்பிட்ட கூட்டங்கள். அதில் ஒன்று, செவிலியர்கள் ஏன் நிலையத்தில் இருப்பதில்லை என்று நான் தயாரித்த கேள்வித்தாளை நிரப்புவதற்காக.