செர்னிவ்ட்சி பேராயர் மாளிகை: நாலு மணி நேரம் போதுமா?

சுச்சாவா வாசி:
ருமேனியாவில் சுச்சாவாவில் வேலை பார்க்கிறேன். அடுத்த மாதம் ஒரு வேலையாக எல்லை தாண்டி உக்ரைனின் செர்னிவ்ட்சிக்குப் போகிறேன். மதியத்துக்கு மேல் நாலு மணி நேரம் சும்மா இருப்பேன். ஆர்த்தடாக்ஸ் பேராயர்கள் குடியிருந்த மாளிகையைப் பார்க்க ஆசை. உள்ளே விடுவார்களா? கட்டடக்கலை ஒன்றும் தெரியாது, வேடிக்கை பார்க்கப் பிடிக்கும், அவ்வளவுதான்.

பாதி டாக்டர்:
நான் மருத்துவம் படித்த ஊர். 2022ல் போர் வந்தபோது பையைத் தூக்கிக்கொண்டு எல்லையை நடந்தே தாண்டிய கூட்டத்தில் நானும் ஒருவன். அதுவரை ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்கு அந்த மாளிகை முற்றம்தான்.

இப்போது அது பல்கலைக்கழகம். பெரிய மண்டபங்களைப் பார்க்க வழிகாட்டியோடு போகணும். வருகிறவர்கள் எல்லாரும் நேரே சிவப்பு மண்டபத்துக்குப் போய் செல்ஃபி எடுப்பார்கள். நீங்கள் முதல் அரை மணி நேரம் உள்ளேயே போகாதீர்கள். முற்றத்தில் நின்று கூரையைப் பாருங்கள். கீழே வெறும் செங்கல். மேலே பளபளப்புப் பூசிய வண்ண ஓடுகள், அந்தப் பக்கத்துக் கிராமத்துப் பெண்கள் சட்டைக் கையில் போடும் தையல் வேலை மாதிரி கட்டம் கட்டமாக. பனி உருகும் நாளில் வெள்ளை சரியச் சரிய அந்தக் கட்டங்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். அதைப் பார்த்துக்கொண்டு நின்றதில் ஒருமுறை என் பஸ் போயே போய்விட்டது.

நடுவில் இருப்பது பேராயர் வீடு. இடப்பக்கம் குருமடமும் அதன் தேவாலயமும். வலப்பக்கம் கடிகாரக் கோபுரம் உள்ள மடம். கட்டியவர் யோசெஃப் ஹ்லாவ்கா என்ற செக் நாட்டுக்காரர். 1864ல் தொடங்கினார்; வேலைப் பளுவில் 1869ல் கால் முடங்கிப்போனது; மாளிகை முடிந்தது 1882ல். பளிங்கு மண்டபத்தின் பழைய அலங்காரம் 1944 தீயில் போய்விட்டது, இப்போது இருப்பது பிறகு சீரமைத்தது. அங்கே ஐந்து நிமிடம் போதும்.

கம்பி கட்டுபவன்:
யுனெஸ்கோ பட்டியலில் 'புக்கோவினா, டல்மேஷியா பேராயர்கள்' என்று இருக்கிறதே? புக்கோவினா செர்னிவ்ட்சி இருக்கும் இந்தப் பகுதி, சரி. டல்மேஷியா குரோஷியாக் கடற்கரை அல்லவா, இங்கே எங்கே வந்தது?

பாதி டாக்டர்:
நல்ல கேள்வி. நானும் ரொம்ப நாள் குழம்பினேன். இரண்டுமே அன்று ஆஸ்திரியா வசம். அதன் இரு மூலைகளிலும் ஆர்த்தடாக்ஸ் மக்கள் இருந்தார்கள், நடுவில் பெரும்பாலும் கத்தோலிக்கர்கள். 1873ல் இரண்டையும் ஒரே பேராயரின் கீழ் போட்டுவிட்டார்கள். தூரத்தை யார் பார்த்தார்கள்!

சுச்சாவா நண்பரே, ருமேனியா பர்மிட் இருந்தாலும் உக்ரைன் விசா தனி. எல்லையில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்று சொல்ல முடியாது. சைரன் ஊதினால் சுற்றிக்காட்டுவது அப்படியே நின்றுவிடும், எல்லாரோடும் கீழே பதுங்கும் இடத்துக்கு இறங்கிவிடுங்கள்.

சுச்சாவா வாசி:
விசா கைக்கு வந்துவிட்டது, நன்றி. கூரையைப் பார்க்கப் பக்கத்து வீட்டுக்காரரிடம் பைனாகுலர் கேட்டிருக்கிறேன். அப்புறம், இராணுவம் இருக்கிற ஊரில் பைனாகுலர் எடுத்துப்போனால் வம்பாகிவிடாதே?

பாதி டாக்டர்:
ஐயோ, வேண்டவே வேண்டாம். கண்ணே போதும்.