கிழக்கால பறக்கும்போது நித்திரை குழம்பாம இருக்க என்ன செய்யலாம்?

களுதாவளை:
அம்மாவுக்கு 62 வயது. ஜனவரியில மெல்பேர்ன் போறா. கட்டுநாயக்காவில நடுச்சாமத்துக்குக் கிட்ட ஏறினா அங்க பின்னேரம் இறங்கும். இஞ்ச இரவு பத்துக்குப் படுத்து விடிய ஐந்தரைக்கு எழும்புறவ. சீனி வருத்தத்துக்கு மெட்ஃபோமின், கிளிக்லசைட் எடுக்கிறா. முதல் கிழமை நித்திரை வராதெண்டு எல்லாரும் வெருட்டுறாங்க. பிளேன்ல, அலர்ஜிக்குப் போடுற பிரிற்றன் குளிசையைப் போட்டுப் படுக்கலாமா?

கல்லடி:
பிரிற்றன் வேணாம். அது தூக்கத்தைத் தரும், உடம்புக் கடிகாரத்தை அசைக்காது. வயசானவங்களுக்கு வாய் காயும், தலை குழம்பும், சலம் அடைக்கவும் கூடும்.

ஜனவரியில மெல்பேர்ன் நமக்கு ஐந்தரை மணித்தியாலம் முந்தி நிக்குது. கிழக்கால போனா கடிகாரத்தை முன்னுக்கு இழுக்க வேணும். அது நாளுக்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலந்தான் நகரும். அதை நகர்த்துறது வெளிச்சம். எல்லாரும் பிழை விடுற இடமும் அதுதான்.

ஐந்தரைக்கு எழும்புற ஆளுக்கு உடம்புச் சூடு ஆகக் குறையிறது விடிய மூணு மணியளவில. அதுக்குப் பிறகு படுற வெளிச்சம் கடிகாரத்தை முன்னுக்கு இழுக்கும், அதுக்கு முந்திப் பட்டா பின்னுக்குத் தள்ளும். நம்மட மூணு மணி அங்க காலை எட்டரை. அதனால முதல் காலையில ஆறு மணிக்கே முற்றத்துக்குப் போய் வெயில் காஞ்சா எல்லாம் தலைகீழாகும். ஒன்பது வரைக்கும் திரைச்சீலையை இழுத்து மூடி வையுங்க, வெளிய போறதெண்டா கறுப்புக் கண்ணாடி. ஒன்பதில இருந்து பன்னிரண்டு வரை நல்லா நடக்கட்டும். அடுத்த நாள் எட்டில இருந்து, அதுக்கடுத்த நாள் ஏழில இருந்து.

பகல்ல கண் சொக்கினா அரை மணித்தியாலம் படுக்கலாம், மூணு மணிக்குப் பிறகு கூடாது. தேத்தண்ணி, கோப்பி பகலோட சரி.

பெரிய போரதீவு:
மெலடோனின் (நித்திரை ஹோர்மோன் குளிசை) எடுக்கிறதெண்டா டொக்டரிட்ட கேட்டு, அங்கத்தைய படுக்கை நேரத்துக்கு 0.5 தொடக்கம் 3 மில்லிகிராம் போதும். காலையில போட்டா எதிர்ப்பக்கம் இழுக்கும்.

சீனிக் குளிசைதான் முக்கியம். அந்த நாள் ஐந்தரை மணித்தியாலம் கட்டை, அதால வேளைகள் நெருங்கி வரும். கிளிக்லசைட்டைச் சாப்பாடு முன்னால வந்த பிறகு மட்டும் குடுங்க. பிளேன்ல சாப்பிடாம நித்திரையானா அந்த வேளையை விடலாமா எண்டு இப்பவே கிளினிக்ல கேட்டு எழுதி வாங்குங்க. விட்டதைச் சேர்த்து இரட்டிப்பாப் போடவே கூடாது, சீனி சடாரெண்டு இறங்கும். குளிசையெல்லாம் பெட்டியோட, டொக்டர் கடிதத்தோட கைப்பையில இருக்கட்டும்.

கல்லடி:
இன்னொண்டு. மட்டக்களப்பில இருந்து கட்டுநாயக்காவுக்கு வேன்ல ஏழெட்டு மணித்தியாலம். முதல் நாள் இரவே வெளிக்கிட்டா ஒரு இரவு நித்திரை போச்சு, பிறகு எந்தக் கணக்கும் சரிவராது. மத்தியானம் வெளிக்கிட்டாக் காணும். பிளேன் ஏறினதும் மணிக்கூட்டை மெல்பேர்ன் நேரத்துக்கு மாத்தி, முதல் சாப்பாட்டோட கண்ணைக் கட்டிப் படுக்கச் சொல்லுங்க.

திரும்பி வரேக்க லேசு. இஞ்ச பின்னேரம் நாலரைக்கே கண் சொக்கும். லைட்டைப் போட்டு ஒன்பது வரை ஆளை எழுப்பி வைச்சிருந்தாச் சரி.