கன்ட்ரோல் விசையும் இடது சுண்டுவிரல் வலியும்

கேள்வி:
வணக்கம். நான் முழுநேர மொழிபெயர்ப்பாளர். சில மாதங்களாக இடது சுண்டுவிரலின் அடியிலிருந்து மணிக்கட்டின் வெளிப்புறம் வரை ஓர் இழுப்பு இருக்கிறது. கவனித்துப் பார்த்ததில், வெறும் எழுத்துகளை அடிக்கும்போது வலிப்பதில்லை; கன்ட்ரோலை அழுத்தியபடி சி, வி, இசட் விசைகளைத் தட்டும்போதுதான் வலிக்கிறது. சுண்டுவிரல் மூலைக்கு இறங்கி நிற்க, அதே கையின் ஆட்காட்டி விரல் உள்பக்கமாக மடங்கி எழுத்தைத் தேட வேண்டியிருக்கிறது. தமிழை ஒலிபெயர்ப்பு முறையில் (ஆங்கில எழுத்துகளின் ஒலியைக் கொண்டு) அடிப்பதால் ண, ள வரும் இடமெல்லாம் இடது ஷிஃப்டையும் அந்த விரலே தாங்குகிறது. கேப்ஸ் லாக்கைக் கன்ட்ரோலாக மாற்றிக்கொள்ளுமாறு நண்பர் ஒருவர் சொல்கிறார். அதனால் பயன் உண்டா?

மறுமொழி 1:
உண்டு. வலி மாதக்கணக்கில் நீடிப்பதால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். நண்பர் சொல்வது புதிய ஏற்பாடு அன்று, பழைய இடத்துக்குத் திரும்புவதுதான். 1981இல் வந்த ஐபிஎம் பிசியின் விசைப்பலகையில் கன்ட்ரோல், ஏ எழுத்தை ஒட்டி இடப்பக்கம் இருந்தது. அதே நிறுவனத்தின் 1984ஆம் ஆண்டு ஏடி மாதிரிக் கணினியிலும் அப்படியே. 101 விசைகள் கொண்ட பலகை 1986இல் வந்தபோதுதான் அந்த இடத்தில் கேப்ஸ் லாக் அமர, கன்ட்ரோல் கீழ் மூலைகளுக்குப் போனது. எப்போதோ ஒருமுறை தேவைப்படும் விசைக்கு நல்ல இடமும், நாளெல்லாம் தேவைப்படும் விசைக்கு மூலையும் கிடைத்ததை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. மேக்கில் இந்த மாற்றத்துக்கான வசதி அமைப்புகளிலேயே இருக்கிறது; விண்டோஸில் மைக்ரோசாஃப்ட்டின் இலவச மென்பொருளான பவர்டாய்ஸ் போதும்.

மறுமொழி 2:
மேலே சொன்ன வரலாறு சரியே, ஆனால் தீர்வு பாதிதான். கேப்ஸ் லாக்குக்கு மாற்றினால் மணிக்கட்டு வெளிப்புறம் திரும்புவது குறையும். சுமை மட்டும் அதே சுண்டுவிரலில்தான் இருக்கும். கையில் வலுவான விரல் கட்டைவிரல், அதற்கோ இடைவெளிப் பட்டையைத் தவிர வேறு வேலையே கொடுக்கப்படவில்லை. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில், லிஸ்ப் என்ற நிரல்மொழிக்கான கணினிகளுக்காக உருவான ஸ்பேஸ்-கேடட் பலகையில் கன்ட்ரோல் இடைவெளிப் பட்டையின் இருபுறமும் ஒட்டியே இருந்தது. மேக்கில் நகலெடுப்பது போன்ற வேலைகளுக்குக் கன்ட்ரோலுக்குப் பதிலாகப் பயன்படும் கமாண்ட் விசையும் அங்கேதான் இருக்கிறது. நான் இடது ஆல்ட்டையும் கன்ட்ரோலையும் இடம் மாற்றிக்கொண்டேன். முதல் இரண்டு வாரங்கள் நகலெடுக்கப் போய் வேறெதையோ திறந்துகொண்டிருந்தேன், பிறகு கை பழகிவிட்டது. கட்டைவிரலை உள்ளங்கைக்கு அடியில் மடக்காமல், அதன் பக்கவாட்டால் அழுத்துங்கள். மடக்கினால் வலி அங்கே குடியேறும்.

இன்னொன்று: ஷிஃப்டை எழுத்துக்கு எதிர்க்கையால் பிடிக்க வேண்டும் என்று தட்டச்சு வகுப்பில் கற்பிப்பார்கள். கன்ட்ரோலுக்கும் அதுவே பொருந்தும். சி, வி, இசட் மூன்றும் இடக்கை எழுத்துகள் என்பதால் வலது கன்ட்ரோலைப் பயன்படுத்துங்கள். சில மடிக்கணினிகளில் அந்த விசையே இருக்காது. உங்களுடையது அப்படியென்றால் தனி விசைப்பலகை வாங்குவது நல்லது.

மறுமொழி 3:
ஷிஃப்டைப் பற்றி யாரும் பேசவில்லையே! தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்புக்கு மாறுங்கள். அதில் ண, ள, ற மூன்றும் ஷிஃப்ட் இன்றியே வலக்கையின் மேல்வரிசையில் வருகின்றன. ஸ, ஷ, ஜ, ஹ போன்ற கிரந்த எழுத்துகளுக்குத்தான் ஷிஃப்ட் தேவை. உயிர் இடக்கையிலும் மெய் பெரும்பாலும் வலக்கையிலும் பிரிந்திருப்பதால் இரு கைகளும் மாறி மாறி உழைக்கும். அதுவரை விண்டோஸில் ஷிஃப்டை ஐந்து முறை தட்டி ஸ்டிக்கி கீஸ் வசதியை இயக்கிப் பாருங்கள். அதன்பின் கன்ட்ரோலைத் தட்டிவிட்டு, விரலை எடுத்த பிறகு எழுத்தைத் தட்டினாலும் வேலை நடக்கும். அழுத்திப் பிடிக்க வேண்டியதில்லை.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. என் மடிக்கணினியில் வலது கன்ட்ரோல் இல்லை என்பதை இன்றுதான் கவனித்தேன். இடது ஆல்ட்டையும் கன்ட்ரோலையும் இன்றே மாற்றிவிட்டேன். கையிலுள்ள நூலை முடித்துக் கொடுத்ததும் தமிழ்99 பழகத் தொடங்குகிறேன். மருத்துவரிடம் வெள்ளிக்கிழமைக்கு நேரம் கேட்டிருக்கிறேன்.