லக்ஸ் டிஸ்க் பூட் ஆகும்போதே திறக்க: எங்கே மாட்டிக்கொள்கிறது, ஏன்?

டெபியன், உபுண்டு கணினிகளில் லக்ஸ் (லினக்ஸின் டிஸ்க் குறியாக்க முறை) கொண்டு குறியாக்கம் செய்த ரூட் டிஸ்க் (இயங்குதளம் இருக்கும் டிஸ்க்) பூட்டில் திறக்காமல் நின்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது டிஸ்க்கை அல்ல, இனிட்ராம்எஃப்எஸ்ஸை, அதாவது கெர்னலோடு முதலில் ஏறும் கோப்புப் பொதியை. பாஸ்பிரேஸ் கேட்கும் நேரத்தில் ரூட் இன்னும் பூட்டியே கிடக்கிறது. அமைப்புக் கோப்புகள் இருக்கும் எட்சி கோப்பகமும் அதற்குள்தான். அப்போது ஓடுவது, குறியாக்கம் இல்லாத பூட் பார்ட்டிஷனில் இருக்கும் அந்தச் சின்னப் பொதி மட்டும். எந்த டிஸ்க்கை எப்படித் திறப்பது என்று எட்சியில் சொல்லும் கிரிப்ட்டேப் கோப்பை எவ்வளவு திருத்தினாலும், பொதியை மறுபடி கட்டும் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் ஓட்டும் வரை பொதிக்குள் இருப்பது பழைய வரிதான்.

கிரிப்ட்டேப் வரியில் நான்கு பகுதிகள்: மேப்பர் பெயர் (திறந்த டிஸ்க்குக்கு வைக்கும் பெயர்), யூயூஐடி (டிஸ்க்கின் அடையாள எண்), சாவிக் கோப்பு (இல்லையென்றால் 'நன்'), கடைசியில் விருப்பங்கள். டிஸ்க்கை எஸ்டிஏ3 என்று எழுதாதீர்கள், இன்னொரு டிஸ்க் சொருகினால் பெயர் மாறிவிடும். மாற்றத்துக்குப் பிறகு அப்டேட் கட்டளையை '-யு' மட்டும் கொடுத்து ஓட்டினால் ஆகப் புதிய கெர்னலின் பொதி மட்டும் மாறும். முதல் சோதனைக்கு அதுவே நல்லது. பழைய கெர்னலின் பொதி தொடப்படாமல் இருப்பதால், திறக்காவிட்டால் கிரப் (பூட் லோடர்) மெனுவில் அதைத் தேர்ந்து உள்ளே வரலாம். ஒருமுறை சரியாகத் திறந்த பிறகு '-கே ஆல்' சேர்த்து எல்லாவற்றையும் புதுப்பியுங்கள்.

ரீபூட்டுக்கு முன் எல்எஸ்இனிட்ராம்எஃப்எஸ் ஓட்டி, கிரிப்ட்செட்டப் (லக்ஸைத் திறக்கும் நிரல்) உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். அன்எம்கேஇனிட்ராம்எஃப்எஸ் கொண்டு பொதியைப் பிரித்தால், உள்ளே கிரிப்ட்ரூட் என்ற கோப்பகத்தில் கிரிப்ட்டேப்பின் நகல் இருக்கும். அது காலியாக இருந்தால் ரீபூட் செய்யக் கூடாது.

* * *

அந்த நகல் ஏன் காலியாகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். லைவ் யூஎஸ்பியில் ஏறி, டிஸ்க்கைத் திறந்து, சிஎச்ரூட் செய்து (அந்த டிஸ்க்கில் உள்ள இயங்குதளத்துக்குள் நுழைந்து) பொதியைக் கட்டும்போதுதான் இது அதிகம் நடக்கிறது. கட்டும் ஸ்கிரிப்ட், இப்போது திறந்திருக்கும் மேப்பரின் பெயரைக் கிரிப்ட்டேப்பில் தேடுகிறது. கிரிப்ட்டேப்பில் 'எஸ்டிஏ3_கிரிப்ட்' என்று இருக்க, லைவ் சூழலில் 'ரூட்' என்று வேறு பெயரில் திறந்திருந்தால் இரண்டும் பொருந்தாது. ஒரு எச்சரிக்கை வரி வரும், பொதியில் வரி சேராது. கிரிப்ட்டேப்பில் உள்ள அதே பெயரில் திறந்துவிட்டு, டெவ், ப்ராக், சிஸ், பூட் நான்கையும் மவுண்ட் செய்த பிறகே சிஎச்ரூட் போக வேண்டும். பூட்டை மவுண்ட் செய்ய மறந்தால் புதிய பொதி ரூட்டுக்குள்ளேயே எழுதப்படும், கிரப் அதைப் பார்க்கவே பார்க்காது.

தமிழ்99 விசைப்பலகையை எக்ஸ்கேபி (டெஸ்க்டாப்பின் விசைப்பலகை அமைப்பு) லேஅவுட்டாக வைத்திருப்பவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். அது இயங்கும்போது டெஸ்க்டாப்பில் பாஸ்பிரேஸை மாற்றினால் தமிழ் யூனிகோட் எழுத்துகளே சாவியாகப் பதிவாகிவிடும். பூட் திரையில் அவற்றை அடிக்க வழி கிடையாது. ஆங்கில எழுத்து, எண், சாதாரணக் குறிகளோடு நில்லுங்கள். மாற்றியதும் கன்ட்ரோல்-ஆல்ட்-எஃப்3 அழுத்தி எழுத்துத் திரைக்குப் போய், கிரிப்ட்செட்டப் ஓப்பனை டெஸ்ட்-பாஸ்பிரேஸ் விருப்பத்தோடு ஓட்டுங்கள். டிஸ்க்கைத் திறக்காமலேயே சாவி பொருந்துகிறதா என்று சொல்லிவிடும்.

* * *

திரையும் கீபோர்டும் இல்லாத சர்வரை நெட்வொர்க் வழியாகத் திறக்க ட்ராப்பேர்-இனிட்ராம்எஃப்எஸ் பேக்கேஜ்; பொதிக்குள் ஓடும் சிறு எஸ்எஸ்எச் சர்வர் அது. உங்கள் பொதுச் சாவியை ஆதரைஸ்ட்_கீஸ் கோப்பில் போட வேண்டும். டெபியன் 12 முதல் அது எட்சி/ட்ராப்பேர்/இனிட்ராம்எஃப்எஸ் கோப்பகத்தில் இருக்கிறது, பழைய வழிகாட்டிகளைப் பார்த்து எட்சி/ட்ராப்பேர்-இனிட்ராம்எஃப்எஸ்ஸில் போட்டால் உள்ளே போகாது. சாவிக்கு முன்னால் கமாண்ட்="கிரிப்ட்ரூட்-அன்லாக்" என்று எழுதிவிட்டால், எஸ்எஸ்எச் செய்தவுடன் பாஸ்பிரேஸ் மட்டும் கேட்கும், ஷெல் கிடைக்காது.

இரண்டு இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். ஒன்று, இனிட்ராம்எஃப்எஸ் அமைப்புக் கோப்பின் 'ஐபி=' வரி. கணினியின் முகவரி, சர்வர் முகவரி, கேட்வே, நெட்மாஸ்க், ஹோஸ்ட் பெயர், இடைமுகம் என்று முக்காற்புள்ளி போட்டுப் பிரிக்க வேண்டும். இரண்டாவது இடம் என்எஃப்எஸ் பூட்டுக்கானது (நெட்வொர்க்கில் உள்ள ரூட்டிலிருந்து பூட் செய்வது). நமக்கு அது வெறுமையாக இருக்க வேண்டும், ஆகவே கணினி முகவரிக்கும் கேட்வேக்கும் நடுவே இரண்டு முக்காற்புள்ளிகள் அடுத்தடுத்து வரும். ஒன்றை விட்டால் கேட்வே சர்வர் முகவரியாகவும், நெட்மாஸ்க் கேட்வேயாகவும் போய்விடும். இன்னொன்று, நெட்வொர்க் கார்டின் டிரைவர் பொதிக்குள் இல்லாமல் போவது. அதன் பெயரை மாட்யூல்ஸ் கோப்பில் ஒரு வரியாகச் சேர்த்தால் போதும்.

போர்ட்டை 2222 போல வேறாக வையுங்கள். ட்ராப்பேரின் ஹோஸ்ட் சாவியும் பூட் ஆன பிறகு வரும் ஓப்பன்எஸ்எஸ்எச் சாவியும் வேறு என்பதால், ஒரே போர்ட்டில் இருந்தால் ஒவ்வொரு முறையும் 'ஹோஸ்ட் சாவி மாறிவிட்டது' என்ற எச்சரிக்கை வரும். அதைத் தவிர்க்க ஓப்பன்எஸ்எஸ்எச்சின் ஹோஸ்ட் சாவியையே ட்ராப்பேருக்கு நகலெடுப்பது பெரிய தவறு. பூட் பார்ட்டிஷன் குறியாக்கம் இல்லாதது. டிஸ்க் கையில் கிடைத்தவர் அந்தச் சாவியை எடுத்து, உங்கள் சர்வர் போலவே நடிக்கலாம்.

* * *

டிபிஎம்2 சிப் (மதர்போர்டில் சாவியைக் காக்கும் பாதுகாப்புச் சிப்) வைத்துக் கைபடாமல் திறப்பது பற்றி. லினக்ஸின் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியின் 248ஆம் பதிப்பில் (2021) அதற்கான சிஸ்டம்டி-கிரிப்ட்என்ரோல் கட்டளை வந்தது. லக்ஸ்2 ஹெடர் கட்டாயம், லக்ஸ்1இல் டோக்கன் (டிபிஎம் பதிவு விவரம்) வைக்க இடமில்லை. பார்ட்டிஷனைக் காட்டி 'டிபிஎம்2-டிவைஸ்=ஆட்டோ', 'டிபிஎம்2-பிசிஆர்எஸ்=7' கொடுத்துப் பதிவு செய்து, கிரிப்ட்டேப்பின் நான்காம் பகுதியிலும் டிபிஎம்2-டிவைஸ்=ஆட்டோ சேர்க்க வேண்டும். ஃபெடோராவில் டிராகட் (இனிட்ராம்எஃப்எஸ் கட்டும் வேறொரு கருவி) இருப்பதால், அதை மறுபடி ஓட்டினால் முடிந்தது. டெபியன் 12இன் வழக்கமான இனிட்ராம்எஃப்எஸ் ஸ்கிரிப்ட்டுக்கு இந்த விருப்பமே புரியாது. 'தெரியாத விருப்பம், தவிர்க்கிறேன்' என்று சொல்லிவிட்டு எப்போதும் போலப் பாஸ்பிரேஸ் கேட்கும். அங்கே டிராகட்டுக்கு மாறலாம், அல்லது தானாகத் திறக்கும் கருவியான கிளெவிஸின் கிளெவிஸ்-இனிட்ராம்எஃப்எஸ் போடலாம்.

பிசிஆர் என்பவை பூட் நிலையை அளந்து டிபிஎம் வைத்திருக்கும் பதிவேடுகள், மதிப்பு மாறினால் சாவி வராது. பிசிஆர் 7 செக்யூர் பூட் (கையொப்பமிட்டதை மட்டும் பூட் செய்யும் காவல்) நிலையைக் காட்டுகிறது, பிசிஆர் 0 ஃபர்ம்வேரை. 0-ஐயும் சேர்த்தால் ஒவ்வொரு பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகும் திறக்காது. 7 மட்டும் என்றாலும், செக்யூர் பூட்டின் தடைப்பட்டியலான டிபிஎக்ஸ் அப்டேட் ஆனால் மதிப்பு மாறும். அப்போது பாஸ்பிரேஸால் உள்ளே வந்து, வைப்-ஸ்லாட்=டிபிஎம்2 கொடுத்துப் பழையதை அழித்து மறுபடி பதிவு செய்ய வேண்டும். பாஸ்பிரேஸ் ஸ்லாட்டை (லக்ஸில் ஒவ்வொரு சாவிக்குமான இடம்) அழித்துவிட்டு டிபிஎம் மட்டும் வைத்திருந்தால் மதர்போர்டு போகிற அன்று தரவும் போகும். ரிகவரி-கீ விருப்பத்தில் ஒரு மீட்புச் சாவி உருவாக்கிக் காகிதத்தில் எழுதி வையுங்கள்.

* * *

மேலே சொன்னது சரி, ஆனால் பாதுகாப்புப் பக்கத்தை அழுத்திச் சொல்லியாக வேண்டும். பிசிஆர் 7 மட்டும் பார்த்தால், கையொப்பம் இல்லாத இனிட்ராம்எஃப்எஸ்ஸை யார் மாற்றினாலும் டிபிஎம்முக்குத் தெரியாது. மடிக்கணினியைத் திருடியவர் பூட் பார்ட்டிஷனில் தன் ஸ்கிரிப்ட்டைச் சேர்த்துவிட்டுப் பூட் செய்தால், டிபிஎம் சாவியைக் கொடுத்துவிடும். கெர்னலும் இனிட்ராம்எஃப்எஸ்ஸும் ஒரே கோப்பாகக் கையொப்பமிட்ட யூகேஐ இருந்தால்தான் இந்த வழி அடைபடும். அதற்கு நேரமில்லாதவர்கள் 'டிபிஎம்2-வித்-பின்' விருப்பத்தில் ஒரு பின் வையுங்கள், சிஸ்டம்டி 251 முதல் உண்டு. பின் தெரியாமல் சிப் சாவியை விடாது. மடிக்கணினிக்குப் பின் இல்லாத டிபிஎம்மை என்னால் பரிந்துரைக்க முடியாது.

பூட்டிய அறையில் இருக்கும் சர்வர்களுக்கு டாங்-கிளெவிஸ் ஜோடி மேல். உள் நெட்வொர்க்கில் டாங் சர்வர் பதில் சொன்னால் டிஸ்க் திறக்கும், கழற்றி வெளியே கொண்டுபோனால் திறக்காது. டாங்கின் சாவியைச் சுழற்றும்போது, எல்லாக் கணினிகளும் புதிய சாவிக்கு மாறும் வரை பழையதை அழிக்கக் கூடாது.

* * *

சிறு போர்டுகளில் வரும் ஒரு கோளாறு: பாஸ்பிரேஸ் சரி, ஆனால் நினைவகம் போதவில்லை என்று கிரிப்ட்செட்டப் செத்துவிடும். பாஸ்பிரேஸிலிருந்து சாவி எடுக்க லக்ஸ்2 இயல்பாகப் பயன்படுத்தும் ஆர்கான்2 முறை, வடிவமைக்கும் கணினியின் ராமைப் பார்த்து 1 ஜிபி வரை எடுத்துக்கொள்கிறது. 16 ஜிபி கணினியில் வடிவமைத்த டிஸ்க்கை 1 ஜிபி ராஸ்பெரி பையில் போட்டால் திறக்க இடமிருக்காது. பெரிய கணினியிலேயே லக்ஸ்கன்வர்ட்கீ ஓட்டி, பிபிகேடிஎஃப்-மெமரி 262144 என்று கொடுங்கள். அலகு கிலோபைட், அதாவது 256 எம்பி. லக்ஸ்டம்ப் காட்டும் மெமரி வரியில் சரிபார்க்கலாம்.

பூட் பார்ட்டிஷனையும் குறியாக்கம் செய்து கிரப் வழியாகத் திறப்பவர்களுக்கு: கிரப் 2.06 லக்ஸ்2-ஐப் படிக்கும், ஆனால் ஆர்கான்2 தெரியாது. அந்த ஸ்லாட் பிபிகேடிஎஃப்2 என்ற பழைய முறையில் இருக்க வேண்டும்.

* * *

தரவு டிஸ்க்குகளுக்குச் சாவிக் கோப்பு போதும். தற்செயல் தரவு தரும் யூரேண்டமிலிருந்து 4096 பைட் எடுத்து, குறியாக்கம் செய்த ரூட்டுக்குள் 0400 அனுமதியில் வைத்து, லக்ஸ்ஆட்கீ கொண்டு சேர்த்துவிடுங்கள். 'நோஃபெயில்' என்பதைக் கிரிப்ட்டேப், எஃப்எஸ்டேப் (மவுண்ட் பட்டியல்) இரண்டிலும் எழுத வேண்டும். ஒன்றில் விட்டாலும், டிஸ்க் இல்லாத நாளில் 90 விநாடி காத்திருக்கும்; எஃப்எஸ்டேப்பில் விட்டால் எமர்ஜென்சி ஷெல்லில் போய் நிற்கும்.

ஸ்வாப்பில் (ராம் நிறைந்தால் பயன்படும் டிஸ்க் இடம்) மட்டும் மிகுந்த கவனம் தேவை. யூரேண்டம் சாவியோடு 'ஸ்வாப்' விருப்பம் கொடுத்தால் ஒவ்வொரு பூட்டிலும் அந்தப் பார்ட்டிஷன் புதிதாக வடிவமைக்கப்படும். எஸ்டிபி2 என்று எழுதியிருந்து, ஒரு நாள் அந்தப் பெயர் தரவு டிஸ்க்குக்குப் போனால், கேள்வி கேட்காமல் அதன் மேல் எழுதிவிடும். சாதாரண யூயூஐடியும் உதவாது, அது ஒவ்வொரு முறையும் அழிந்துபோகிறது. பார்ட்யூயூஐடி கொடுங்கள், அது பார்ட்டிஷன் அட்டவணையில் இருப்பதால் மாறாது. ஹைபர்னேட் வேண்டுமென்றால் இந்த முறையே கூடாது. ரூட்டும் ஸ்வாப்பும் ஒரே லக்ஸுக்குள் எல்விஎம்மாக (ஒரே இடத்தைப் பல தனிப் பகுதிகளாகப் பிரிக்கும் முறை) இருக்கட்டும்.